முதல் பிக் கையில் வந்தால் என்ன செய்வது? பேர்ஸ்–பேந்தர்ஸ் பேரத்தை முன்வைத்து

#1 · மூணாம்டவுன்

ஏப்ரல் வந்தால் இதே சண்டைதான். மூணு ஆட்டம் ஜெயித்துப் பதினாலு தோற்ற அணி, கையில் என்எஃப்எல் (அமெரிக்கக் கால்பந்து லீக்) டிராஃப்டின், அதாவது அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வின், முதல் பிக். குவார்ட்டர்பேக்கை (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) எடுக்கிறதா, பிக்கை விற்று நாலைந்தாக மாற்றுகிறதா, டாக்கிளையோ (அவரைக் காக்கும் லைன் எனும் தடுப்பு வரிசையின் ஓரத்து ஆள்) எட்ஜ் ரஷரையோ (எதிரணிக் குவார்ட்டர்பேக்கை நோக்கி ஓரத்திலிருந்து பாய்பவர்) எடுத்து அஸ்திவாரம் போடுகிறதா? பொத்தாம்பொதுவாகப் பேசினால் ஆளுக்கொரு மூலையில் நிற்போம். அதனால் ஒரே ஒரு பேரத்தைப் பிரித்துப் போட்டுப் பார்க்கலாம்: 2023 மார்ச்சில் சிகாகோ பேர்ஸும் கரோலினா பேந்தர்ஸும் செய்துகொண்டது.

பேர்ஸ் கொடுத்தது 2023இன் முதல் பிக். வாங்கியது அதே ஆண்டின் 9ஆம், 61ஆம் பிக். பேந்தர்ஸின் 2024 முதல் சுற்று பிக் (ஒரு சுற்றில் அணிக்கு ஒரு பிக்). 2025 இரண்டாம் சுற்று. இதற்கெல்லாம் மேல் ரிசீவர் (எறிந்த பந்தைப் பிடிப்பவர்) டி.ஜே. மூர். பேந்தர்ஸ் அந்த முதல் பிக்கில் அலபாமா பல்கலைக்கழகக் குவார்ட்டர்பேக் பிரைஸ் யங்கை எடுத்தது. அடுத்ததாக ஹூஸ்டன் டெக்சன்ஸ் இன்னொரு குவார்ட்டர்பேக் சி.ஜே. ஸ்ட்ரௌடை எடுத்தது. அந்த சீசனை பேந்தர்ஸ் 2-15 என்று முடித்ததில், பேர்ஸ் வாங்கி வைத்திருந்த 2024 பிக்கும் முதல் பிக்காகவே வந்து விழுந்தது. அதில் வந்தவர் குவார்ட்டர்பேக் கேலப் வில்லியம்ஸ்.

ஒரு மோசமான அணி விற்றது, இன்னொன்று வாங்கியது. யார் எங்கே சரி, எங்கே தப்பு? "யங் குட்டை", "ஃபீல்ட்ஸ் பாவம்" (அன்றைய பேர்ஸ் குவார்ட்டர்பேக்) வகைப் பதிவுகள் வேண்டாம். பாயிண்ட், ஒப்பந்தம், டேப் (ஆட்ட வீடியோ), ஏதாவது ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு வாருங்கள்.

#2 · சார்ட்சாமி

பழைய ஜிம்மி ஜான்சன் சார்ட்டை வைத்தே ஆரம்பிக்கிறேன். 1990களின் தொடக்கத்தில் ஜான்சன் கோச்சாக இருந்த டல்லாஸ் கௌபாய்ஸ், பேரம் பேச ஒவ்வொரு பிக்குக்கும் பாயிண்ட் போட்டு வைத்துக்கொண்ட பட்டியல் அது. முதல் பிக் 3000, இரண்டாவது 2600, மூன்றாவது 2200, 9ஆவது 1350, 16ஆவது 1000, முதல் சுற்றின் கடைசி 590.

பேர்ஸ் கொடுத்தது 3000. வந்ததில் 9க்கு 1350, 61க்கு 292. ஆக 1642. அடுத்த ஆண்டு பிக்குக்கு ஒரு சுற்று குறைத்துப் போடுவது வழக்கம். அதாவது 2024 முதல் சுற்றை இந்த ஆண்டின் இரண்டாம் சுற்று நடுவாக வைத்து 420. 2025 இரண்டாம் சுற்று இரண்டு ஆண்டு தள்ளி இருப்பதால் நாலாம் சுற்று நடு, சுமார் 70. கூட்டினால் 2132. மிச்சம் 868 பாயிண்ட். அதுதான் டி.ஜே. மூர். சார்ட்டில் 19ஆம் பிக்குக்கு 875 என்று இருக்கிறது. ஆகவே இரண்டு தரப்பும் மூரை ஒரு 19ஆம் பிக் என்று மதிப்பிட்டுக் கைகுலுக்கியிருக்கின்றன. 2018இல் அவர் 24ஆவதாக எடுக்கப்பட்டவர், அதற்குப் பிறகு ஆடிக் காட்டியும்விட்டார். பேசிய நாளில் இது நியாயமான விலை, கொள்ளையில்லை.

கொள்ளையாக மாறியது ஒரே இடத்தில். 420 என்று எழுதிய சீட்டு, பத்து மாதத்தில் 3000 ஆனது. மோசமான அணியின் வருங்கால முதல் சுற்றைச் "சராசரி" என்று கணக்குப் போடுவதுதான் இந்த முறையின் ஓட்டை. புது கோச், ரூக்கி (முதலாண்டு) குவார்ட்டர்பேக், முதன்மை ரிசீவர் கையை விட்டுப் போயாச்சு. இந்த மூன்றும் சேர்ந்தால் அடுத்த ஆண்டு பிக் முதல் பத்துக்குள் விழும் என்று வைத்துத்தான் விலை சொல்லணும். விற்கிறவனாக இருந்தால் இன்னும் நல்லது, வாங்குகிற அணிகளில் யார் அதிகம் தோற்பார்கள் என்று பார்த்து அவர்களிடம் விற்கலாம்.

#3 · புதுவரவு

ஐயா, ஒரு அடிப்படைக் கேள்வி. முதல் பிக் இவ்வளவு மதிப்பு என்றால் கடைசி நாலு ஆட்டத்தை வேண்டுமென்றே தோற்றுவிடலாமே? கூடைப்பந்தில் அப்படித்தானே சண்டை நடக்கிறது?

#4 · மூணாம்டவுன்

கூடைப்பந்தில் குலுக்கல் உண்டு, என்எஃப்எல்லில் கிடையாது. அதிகம் தோற்றவனுக்கு முதல் பிக், அவ்வளவுதான். சமமாகத் தோற்றால் யார் எளிய அட்டவணையோடு தோற்றார்களோ அவர்களுக்கு முன்னுரிமை. எதிராளி பலவீனமாக இருந்தும் தோற்றிருக்கிறாயே என்ற இரக்கம்.

ஆனால் ஆட்டக்காரர் யாரும் வேண்டுமென்று தோற்க மாட்டார். அடுத்த ஒப்பந்தத்துக்கு அவருடைய டேப்தான் சாட்சி. இதற்கு இந்தப் பேரத்திலேயே உதாரணம் இருக்கிறது. 2023 ஜனவரி 8, கடைசி வாரம். டெக்சன்ஸ் தோற்றிருந்தால் முதல் பிக் அவர்களுக்கு. கோல்ட்ஸுக்கு எதிராக 31-24 என்று பின்தங்கி, நாலாவது டவுன் (கடைசி முயற்சி), 20 யார்டு வேணும். டேவிஸ் மில்ஸ் எறிந்தார், ஜோர்டன் ஏகின்ஸ் பிடித்தார், டச்டவுன், ஆறு பாயிண்ட். அதோடு விடாமல் இரண்டு பாயிண்ட் முயற்சி, அதையும் ஏகின்ஸே பிடித்தார். 32-31. முதல் பிக் பேர்ஸுக்குப் போனது. டெக்சன்ஸ் கோச் லவி ஸ்மித், 2004 முதல் 2012 வரை பேர்ஸின் கோச்சாக இருந்தவர். அன்று இரவே டெக்சன்ஸ் அவரை வேலையை விட்டு நீக்கியது. சிகாகோக்காரர்கள் அவருக்கு ஒரு சிலை வைக்கலாம்.

#5 · கேப்கணக்கு

குவார்ட்டர்பேக்கா வேறா என்ற கேள்வியைச் சம்பளக் கணக்கு இல்லாமல் பேசவே முடியாது.

2010இல் முதல் பிக் சாம் பிராட்ஃபோர்டுக்கு ராம்ஸ் கொடுத்தது ஆறு ஆண்டு, 7.8 கோடி டாலர், அதில் 5 கோடி உறுதி. 2011 தொழிலாளர் ஒப்பந்தத்தில் ரூக்கிச் சம்பளத்துக்கு வரம்பு வந்தது. அதே ஆண்டு முதல் பிக் கேம் நியூட்டனுக்கு நாலு ஆண்டு, 2.2 கோடி. ஒரே ஆண்டில் விலை இப்படி விழுந்தது. அதற்கு முன்னால் முதல் பிக் தப்பானால் கேப்பே (அணியின் மொத்தச் சம்பள உச்சவரம்பு) சிதையும். 2007இல் ரெய்டர்ஸ் எடுத்த ஜமார்கஸ் ரசல் அந்தக் காலத்துச் சாட்சி. இன்றைக்கு அந்த பயம் பாதி செத்துப்போச்சு.

வில்லியம்ஸின் ஒப்பந்தம் நாலு ஆண்டு, சுமார் 3.95 கோடி, முழுக்க உறுதி. ரூக்கி ஒப்பந்தத்தில் கேப் சுமை ஆண்டுக்கு ஆண்டு முதல் ஆண்டுத் தொகையில் 25 சதவீதம் கூடும். எனவே முதல் ஆண்டு ஒரு பங்கு என்றால் நாலு ஆண்டுக்கு 1, 1.25, 1.5, 1.75, மொத்தம் 5.5 பங்கு. 3.95ஐ 5.5ஆல் வகுத்தால் முதல் ஆண்டுச் சுமை சுமார் 72 லட்சம் டாலர். 2024 கேப் 25.54 கோடி. அதில் மூன்று சதவீதம்கூட இல்லை. அதே ஆண்டு டல்லாஸ் குவார்ட்டர்பேக் டாக் ப்ரெஸ்காட் கையெழுத்திட்டது ஆண்டுக்கு சராசரி 6 கோடி. 2025 கேப் 27.92 கோடி என்று வைத்தாலும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல்.

அந்த வித்தியாசம்தான் முதல் பிக்கின் உண்மையான விலை. சரியான ஆள் அமைந்தால் ஆண்டுக்கு 4, 5 கோடி மிச்சம், அதாவது இரண்டு நல்ல கார்டு, ஒரு சென்டர் (இவர்கள் லைனின் நடு ஆட்கள்), ஒரு கார்னர் (எதிரணி ரிசீவரை மறிப்பவர்). டாக்கிளிலும் மிச்சம் உண்டு, ஆனால் குவார்ட்டர்பேக்கில் கிடைப்பதில் பாதிகூடத் தேறாது.

ஒரு எச்சரிக்கை. "ஐந்து ஆண்டு மலிவு" என்று எல்லோரும் எழுதுகிறார்கள், அது தப்பு. ஐந்தாம் ஆண்டு ஆப்ஷனை (முதல் சுற்று ஆளை அணி விரும்பினால் இன்னொரு ஆண்டு வைத்துக்கொள்ளும் உரிமை) மூன்றாவது சீசன் முடிந்த மே மாதத்துக்குள் எடுக்கணும், அந்தத் தொகையும் ரூக்கித் தொகை இல்லை. ஆள் தேறிவிட்டால் மூன்று சீசன் முடிந்ததுமே ஏஜென்ட் கதவைத் தட்டுவார். பெங்கால்ஸின் குவார்ட்டர்பேக் ஜோ பர்ரோ 2020இல் வந்தவர், 2023 செப்டம்பரில் ஐந்து ஆண்டு 27.5 கோடிக்குக் கையெழுத்துப் போட்டார். உண்மையான மலிவுக் காலம் மூன்று சீசன், நீட்டிப்பை ஒழுங்காக எழுதினால் நாலு. அதற்குள் அணியைக் கட்டி முடிக்கணும்.

#6 · இடதுடாக்கிள்

கேப்கணக்கு அண்ணே, கணக்கு சரி. ஆனால் அந்த மலிவான ஆள் உயிரோடு இருக்கணுமே.

2002இல் டெக்சன்ஸ் புது அணி. முதல் பிக்கில் டேவிட் கார். அவருடைய இடது பக்கத்தைக் காக்க விரிவாக்க டிராஃப்டில் (புது அணி மற்ற அணிகளிடமிருந்து ஆள் எடுப்பது) எடுத்த டோனி பொசெல்லி தோள் காயத்தால் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. கார் அந்த ஒரு சீசனில் 76 முறை சாக் ஆனார், அதாவது பந்தை எறியும் முன்பே வீழ்த்தப்பட்டார். இன்றுவரை அதுவே சாதனை. யங் 2023இல் 62. வில்லியம்ஸ் 2024இல் 68. மூன்று பேரும் முதல் பிக்.

சாக்குக்கு லைன் மட்டும் காரணமில்லை என்று வரப்போகிறீர்கள். ஒப்புக்கொள்கிறேன், ஆனால் பிரித்துப் பார்ப்போம். நாலு பேர் பாய்கிறார்கள், ஐந்து பேர் தடுக்கிறார்கள். இதில் சாக் வந்தால் அது லைன் கணக்கு. ஐந்து பேர் பாய்ந்தால் லைன் எந்தப் பக்கம் சரிகிறது என்று ஸ்னாப்புக்கு (சென்டர் பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டம் தொடங்கும் கணம்) முன்னால் சென்டரும் குவார்ட்டர்பேக்கும் பேசி முடித்திருக்கணும். தப்பானால் இருவர் கணக்கு. ஆறு பேர் பாய்ந்து, தடுக்க ரன்னிங்பேக்கும் (பந்தோடு ஓடுபவர்) நிற்காவிட்டால் ஆறாவது ஆள் எப்போதும் குவார்ட்டர்பேக்கின் பொறுப்பு. அவனுக்குத் தடுப்பு கிடையாது, சூட்டோடு பந்தை எறியணும். ரூக்கிகள் பெரும்பாலும் சாவது இங்கேதான். காலேஜில் அந்த ஆறாவது ஆளை ஓடியே ஏமாற்றியிருப்பார்கள். இங்கே அவனும் 4.5 விநாடியில் 40 யார்டு ஓடுகிறவன்.

யங் விஷயத்தில் இன்னொன்று. அவர் கம்பைனில் (டிராஃப்டுக்கு முந்தைய சோதனை முகாம்) 5 அடி 10 அங்குலம், 204 பவுண்டு. அப்படி ஒருவரை எடுத்தால் முதலில் பார்க்கவேண்டியது டாக்கிள் இல்லை, கார்டுகள். வெளியிலிருந்து வரும் அழுத்தத்துக்கு ஒரு அடி முன்னால் ஏறித் தப்பலாம். நடுவிலிருந்து வந்தால் ஏறவும் இடமில்லை, எதிரே பார்க்கவும் முடியாது. 2023இல் கரோலினாவின் கார்டு ஆஸ்டின் கார்பெட் ஜனவரியிலேயே முழங்கால் கிழிந்தவர், இன்னொரு கார்டு பிரேடி கிறிஸ்டென்சன் முதல் வாரத்தோடு சரி. ராபர்ட் ஹண்ட், டேமியன் லூயிஸ் இருவரையும் பெரிய பணம் கொடுத்துக் கொண்டுவந்தது 2024 மார்ச்சில். ஒரு ஆண்டு தாமதம். கல்யாணம் முடிந்த பிறகு பந்தல் போட்ட மாதிரி.

#7 · டேப்பார்வை

இடதுடாக்கிள் சொன்னதோடு பாதி உடன்பாடு. மறுபாதிக்கு சின்சினாட்டி.

பெங்கால்ஸ் 2019இல் 2-14. 2020 முதல் பிக்கில் ஜோ பர்ரோ. பத்தாவது ஆட்டத்தில் முழங்கால் கிழிந்து சீசன் முடிந்தது. அடுத்த ஏப்ரலில் ஐந்தாவது பிக். ஊரே "டாக்கிள் பெனே சூவெலை எடு, லைனைக் கட்டு" என்று கத்தியது. அவர்கள் எடுத்தது ஜமார் சேஸ், பர்ரோவின் காலேஜ் ரிசீவர். 2021இல் சேஸ் 1,455 யார்டு, பெங்கால்ஸ் சூப்பர் பௌல் (லீக்கின் இறுதிப்போட்டி) வரை. அந்த சீசனில் பர்ரோ 51 சாக், டென்னிசியில் ஒரே பிளேஆஃப் ஆட்டத்தில் 9, சூப்பர் பௌலில் 7. அவ்வளவு அடி வாங்கியும் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். அதே லைனால்தான் கடைசி ஆட்டத்தைத் தோற்றார்கள் என்றும் சொல்லலாம். இரண்டும் உண்மை.

கரோலினாவில் லைன், சேஸ் மாதிரி ரிசீவர் இரண்டும் இல்லை. ரன்னிங்பேக் கிறிஸ்டியன் மெக்காஃப்ரியை 2022 அக்டோபரிலேயே 49ersக்கு விற்றாச்சு. மூரை இந்தப் பேரத்தில் கொடுத்தாச்சு. யங்குக்கு மிஞ்சிய முதன்மை ரிசீவர் 33 வயது ஆடம் தீலன். மனுஷன் 103 பந்து பிடித்தார், 1,014 யார்டு. அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஆழமாக ஓடி சேஃப்டியை (எதிரணியின் கடைசித் தடுப்பாளர்) பின்னுக்குத் தள்ள ஆள் இல்லை என்றால் டிஃபென்ஸ் மொத்தமும் பத்து யார்டுக்குள் குவிந்து நிற்கும். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். மூர் அதே ஆண்டு சிகாகோவில் 96 கேட்ச், 1,364 யார்டு.

#8 · புதுவரவு

டேப் பார்ப்பது என்கிறீர்களே, எதைப் பார்க்கிறீர்கள்? ஹைலைட்டில் எல்லோரும் நன்றாகத்தான் எறிகிறார்கள்.

#9 · டேப்பார்வை

ஹைலைட்டை மூடி வையுங்கள். ஒரு காலேஜ் சீசனில் ஒரு ஆளுக்கு 400 டிராப்பேக் (எறியப் பின்வாங்கிய தடவை) இருந்தால் முதலில் கழித்துவிடவேண்டியவை: ஸ்கிரீன் (தடுப்பாளர் முன்னே நிற்கக் கொடுக்கும் குட்டி எறி), லைனுக்குப் பின்னால் பிடித்த பந்து, நாலாம் குவார்ட்டரில் மூன்று டச்டவுன் முன்னிலையில் எறிந்தவை, முதலில் பார்த்த ரிசீவரே அநாதையாக நின்ற பந்துகள். நல்ல அணியில் ஆடியவருக்கு இதிலேயே பாதி போய்விடும். மிச்சத்தில்தான் ஆள் தெரிவான்.

அதில் நான் முதலில் போவது மூன்றாவது டவுன், ஏழு யார்டுக்கு மேல். எல்லோருக்கும் தெரியும் பந்து காற்றில் வரும் என்று. அங்கே இரண்டாவது, மூன்றாவது ரிசீவருக்குப் பார்வை நகர்கிறதா, கால் அந்தப் பார்வையோடு திரும்புகிறதா? அடுத்தது அழுத்தம் வந்தபோது எத்தனையில் ஒரு முறை சாக் ஆகிறான் என்பது. நூறு அழுத்தத்தில் 15க்குள் இருந்தால் நிம்மதி. 20ஐத் தாண்டினால் எனக்குச் சந்தேகம் வரும், 25 என்றால் எவ்வளவு அழகாக எறிந்தாலும் தள்ளி நிற்பேன். காலேஜில் பந்தைப் பிடித்துக்கொண்டே சுற்றுகிற பழக்கம் இங்கே வந்து மாறுவது அபூர்வம். வில்லியம்ஸின் 68இல் அவர் கையாலேயே வாங்கிக்கொண்டவை கணிசம் என்பது என் கணிப்பு. இடதுடாக்கிள் அடிக்க வருவார்.

அப்புறம் மருத்துவம். இண்டியானாபோலிஸ் கம்பைனில் ஓடுவதும் குதிப்பதும் தொலைக்காட்சிக்கு. அணிகளுக்கு முக்கியம் அங்கே எடுக்கும் எம்ஆர்ஐயும் டாக்டர் குறிப்பும். அதற்குப் பிறகு முப்பது பேரை மட்டும் தங்கள் ஊருக்கு அழைத்துப் பேசலாம். அங்கே வெள்ளைப் பலகையில் அவன் ஆடிய ஆட்டத்தையே வரையச் சொல்வார்கள். பிறகு உங்கள் அணியின் ஒரு பிளேயைச் சொல்லிக்கொடுத்து, நடுவில் வேறு ஏதோ பேசி, ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பச் சொல்லச் சொல்வார்கள். நினைவில் எவ்வளவு நிற்கிறது என்பதுதான் சோதனை.

#10 · இடதுடாக்கிள்

அடிக்க வரவில்லை. கணிசம்தான். ஆனால் பேர்ஸ் நிர்வாகம் என்ன நினைத்தது என்பது 2025 மார்ச்சில் தெரிந்தது. கார்டு ஜோ தூனியைச் சீஃப்ஸிடமிருந்து ஒரு நாலாம் சுற்றுக்கு வாங்கினார்கள். ஜோனா ஜாக்சனை ராம்ஸிடமிருந்து ஒரு ஆறாம் சுற்றுக்கு. சென்டர் டிரூ டால்மனை ஃப்ரீ ஏஜென்சியில் (ஒப்பந்தம் முடிந்தவர்களின் சந்தை). நடு மூவரும் ஒரே மாதத்தில் புதிது, ஒரு முதல் சுற்றுகூடச் செலவில்லை.

இதில் பாடமே இருக்கிறது. கார்டு, சென்டர் சந்தையில் கிடைப்பார்கள். நல்ல இடது டாக்கிள் சந்தைக்கு வருவதே இல்லை, அவனுடைய அணி விடாது. எனவே வரிசை: ஜனவரியில் கோச், மார்ச்சில் நடு மூவர், ஏப்ரலில் டிராஃப்ட். குவார்ட்டர்பேக்கை எடுத்துவிட்டு அடுத்த மார்ச்சில் கார்டு தேடுகிறவன் ஒரு மலிவு ஆண்டை எரித்துவிட்டான். பேர்ஸும் அதே தப்பைத்தான் செய்தது, கரோலினா மட்டும் இல்லை.

#11 · டீப்டிஷ்

யாரும் தொடாத இடத்துக்கு வருகிறேன். 2023இல் பேர்ஸ் பிக்கை விற்றதற்குக் காரணம் ஜஸ்டின் ஃபீல்ட்ஸ். 2021இல் 11ஆவதாக எடுத்தவர், 2022இல் ஓடியே 1,143 யார்டு. அவரை இன்னொரு ஆண்டு பார்க்கலாம் என்று நினைத்தார்கள். பார்த்தார்கள். 2024 மார்ச்சில் ஸ்டீலர்ஸுக்கு நிபந்தனையோடு கூடிய ஒரு ஆறாம் சுற்றுக்கு அனுப்பினார்கள். அந்தக் காத்திருப்பின் விலை ஸ்ட்ரௌட். 2023இன் சிறந்த ரூக்கி, டெக்சன்ஸை முதல் ஆண்டிலேயே பிளேஆஃபுக்குக் கொண்டுபோனவர்.

அப்படியானால் விற்றது தப்பா? என் கட்சி: இல்லை. பேர்ஸ் முதல் பிக்கில் நின்றிருந்தால் ஸ்ட்ரௌடைத்தான் எடுத்திருக்கும் என்று யாராலும் சத்தியம் செய்ய முடியாது. பெரும்பாலோர் யங்கைத்தான் முதலில் வைத்திருந்தார்கள். மாஸி, தேலர் என்ற இரண்டு பொருளாதார நிபுணர்கள் பழைய டிராஃப்டுகளைப் பார்த்துச் சொன்னதே இதுதான்: ஒரே பொசிஷனுக்கு அடுத்தடுத்து எடுக்கப்பட்ட இருவரில் முன்னால் எடுக்கப்பட்டவர் மேலாக அமையும் வாய்ப்பு பாதிக்குச் சற்றே மேல். நாணயத்தைச் சுண்டுவதற்கு 3000 பாயிண்ட் கொடுக்காதே என்பது அவர்கள் வாதம்.

#12 · கேப்கணக்கு

டீப்டிஷ், அந்த ஆராய்ச்சியை மேற்கோள் காட்டும்போது ஒன்றைச் சேர்த்துச் சொல்லணும். அதன் தரவு 2011க்கு முந்தையது. பிராட்ஃபோர்டு காலத்துச் சம்பளத்தில் முதல் பிக் சுமை, பின்னால் போனால் லாபம். இன்று முதல் பிக்கும் மலிவு. "யார் மேல் என்று நமக்குத் தெரியாது" என்ற பாதி இன்றும் செல்லும். "பிக்கே விலை அதிகம்" என்ற பாதி குவார்ட்டர்பேக் விஷயத்தில் பழசாகிவிட்டது.

#13 · சார்ட்சாமி

விற்றால் போதும் என்று நினைக்கிறவர்களுக்கு கிளீவ்லாந்து. 2016இல் பிரௌன்ஸ் இரண்டாவது பிக்கை ஈகிள்ஸுக்கு விற்றது. ஈகிள்ஸ் அதில் குவார்ட்டர்பேக் கார்சன் வென்ட்ஸை எடுத்தது. வந்தது 8, 77, 100, அடுத்த ஆண்டு முதல் சுற்று, அதற்கடுத்த ஆண்டு இரண்டாம் சுற்று. அந்த 8ஐயும் டைட்டன்ஸிடம் விற்று 15க்கு இறங்கி, கோரி கோல்மன் என்ற ரிசீவரை எடுத்தார்கள். 2018 ஆகஸ்டில் அவரை ஒரு ஏழாம் சுற்றுக்குத் தள்ளிவிட்டார்கள். அந்த அணி 2016இல் 1-15, 2017இல் 0-16. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை. பிக் எண்ணிக்கையில் ராஜா, களத்தில் பூஜ்யம்.

அதே ஆண்டு அதே வேலையை ஒழுங்காகச் செய்தது டென்னிசி டைட்டன்ஸ். முதல் பிக்கை ராம்ஸுக்கு விற்றது, ராம்ஸ் அதில் குவார்ட்டர்பேக் ஜாரெட் கோஃபை எடுத்தது. 15ஆம் பிக்கும், இரண்டு இரண்டாம் சுற்றும், இரண்டு மூன்றாம் சுற்றும், 2017 முதல் சுற்றும் வந்தன. வந்ததிலிருந்து சிலவற்றைக் கொடுத்து 8க்கு ஏறி டாக்கிள் ஜாக் கான்க்ளின். 45இல் ரன்னிங்பேக் டெரிக் ஹென்றி. ஏன் அங்கே பலித்தது? 2015இலேயே குவார்ட்டர்பேக் மரியோட்டாவை எடுத்திருந்தார்கள், குவார்ட்டர்பேக் பசி இல்லை. பசி இல்லாதவன்தான் நிதானமாக விற்க முடியும். பிரௌன்ஸ் பட்டினியோடு விற்றது.

#14 · மூணாம்டவுன்

கோஃப் பெயர் வந்ததால் கோச் விஷயம். ராம்ஸ் அவரை எடுத்த ஆண்டு, தொடங்கிய ஏழு ஆட்டமும் தோல்வி. 2017இல் கோச்சாக ஷான் மெக்வே வந்தார், அதே கோஃப், 11-5. 2018 சீசனில் சூப்பர் பௌல். ஆள் ஒரே ஆள்தான். கரோலினாவில் கோச் ஃபிராங்க் ரைக்கை 1-10இல் நவம்பரில் நீக்கினார்கள், யங் ஒரு சீசனை முடிக்கும் முன்பே. சிகாகோ அதைவிட ஒரு படி மேலே போய், வில்லியம்ஸின் முதல் ஆண்டில் நவம்பரிலேயே ஆஃபென்ஸ் பொறுப்பாளர் ஷேன் வால்ட்ரனையும், பிறகு தலைமைக் கோச் மாட் எபர்ஃப்ளூஸையும் நீக்கியது. 2025 ஜனவரியில்தான் புதுக் கோச் பென் ஜான்சன்.

எபர்ஃப்ளூஸ் தொடர்ந்தது 2024 ஜனவரியில் எடுத்த முடிவு. முதல் பிக் கையில் இருக்கிறது, குவார்ட்டர்பேக்கை எடுக்கப்போகிறாய், அடுத்த சீசனோடு போகக்கூடிய கோச்சை வைத்துக்கொண்டு ஏன் எடுக்கிறாய்? ரூக்கிக்கு ஒரு ஆண்டுச் சொல்லகராதி வீண். அடுத்த ஆண்டு அதே பிளேக்கு வேறு பெயர், வேறு கால் அசைவு, ஸ்னாப்புக்கு முன்னால் வேறு பொறுப்பு. 2005இன் முதல் பிக் அலெக்ஸ் ஸ்மித் சான் பிரான்சிஸ்கோவில் ஆண்டுக்கொரு ஆஃபென்ஸ் பொறுப்பாளரிடம் சிக்கிக் கழித்த காலம் எல்லோருக்கும் தெரியும்.

#15 · புதுவரவு

அப்படியானால் முதல் ஆண்டு பெஞ்சில் உட்கார வைத்துவிடலாமா? சீஃப்ஸ் குவார்ட்டர்பேக் மஹோம்ஸை அப்படித்தானே செய்தார்கள்?

#16 · டேப்பார்வை

தம்பி, மஹோம்ஸ் பத்தாவது பிக். அவர் உட்கார்ந்தது அலெக்ஸ் ஸ்மித் ஆடிக்கொண்டிருந்த, பிளேஆஃபுக்குப் போகும் அணியில். முதல் பிக் வைத்திருக்கிற அணியில் முன்னால் உட்காரத் தகுதியான ஆள் இருப்பது அபூர்வம். கார்சன் பால்மர் ஒருவர் உண்டு. 2003 முதல் பிக், அந்த ஆண்டு முழுக்க ஜான் கிட்னாவுக்குப் பின்னால் உட்கார்ந்தார், பெங்கால்ஸும் 8-8 என்று மானத்தோடு முடித்தது. இன்றைய கணக்கில் மூன்று மலிவு ஆண்டில் ஒன்றை அப்படிக் கொடுக்க யாருக்கும் மனசு வராது.

நடுவழி ஒன்று உண்டு, கரோலினா தற்செயலாகச் செய்தது. 2024இல் இரண்டே ஆட்டத்துக்குப் பிறகு யங்கை உட்காரவைத்து ஆண்டி டால்டனை இறக்கினார்கள். அக்டோபரில் கார் விபத்தில் டால்டனின் கட்டைவிரல் சுளுக்கியதும் யங் திரும்பினார். திரும்பியவர் வேறு ஆளாகத் தெரிந்தார்: பந்து சீக்கிரம் கையை விட்டுப் போனது, கார்டுகள் இருவரும் நின்றார்கள். புதுக் கார்டா, புதுக் கோச் டேவ் கனாலிஸா, பக்கவாட்டில் நின்று பார்த்த ஐந்து வாரமா என்று பிரிக்க முடியாது. என் ஓட்டு கார்டுகளுக்கு.

இன்டர்செப்ஷனை (எறிந்த பந்தை எதிரணி பிடித்துவிடுவது) பார்த்தும் பயப்படாதீர்கள். பேய்டன் மானிங் 1998இல் முதல் ஆண்டு 28 எறிந்தார், ரூக்கிச் சாதனை. கோல்ட்ஸ் 3-13. அடுத்த ஆண்டு 13-3. பயப்படவேண்டியது தப்பான இடத்துக்கு எறிவதைப் பார்த்து இல்லை, எறியாமலே நிற்பதைப் பார்த்து.

#17 · டீப்டிஷ்

நல்ல குவார்ட்டர்பேக்கே இல்லாத ஆண்டு வந்தால்? 2013இல் முதல் சுற்றில் ஒரே ஒருவர், 16ஆவதாக ஈ.ஜே. மானுவல். 2022இல் ஒரே ஒருவர், 20ஆவதாக கென்னி பிக்கெட். அந்த ஆண்டுகளில் முதல் பிக் எரிக் ஃபிஷர், டிராவன் வாக்கர். வாங்க ஆள் வராததால் விற்கவும் முடியவில்லை. அங்கே டாக்கிளோ எட்ஜ் ரஷரோ எடுப்பது சரியான வேலைதான். ஃபிஷரை யாரும் புகழ்ந்து பேசுவதில்லை, ஆனால் சீஃப்ஸ் 2020 பிப்ரவரியில் சூப்பர் பௌல் ஜெயித்தபோது இடது டாக்கிள் அவர்தான்.

குவார்ட்டர்பேக் இல்லாத ஆண்டில் குவார்ட்டர்பேக்கை எடுக்கிற அணிதான் என் பரம எதிரி. பசிக்குப் புல்லைத் தின்றால் அடுத்த மூன்று ஆண்டு டிராஃப்ட் ரூமில் "நம்மிடம்தான் ஆள் இருக்கிறானே" என்று ஒரு குரல் ஒலித்துக்கொண்டே இருக்கும்.

#18 · சார்ட்சாமி

இந்தப் பேரத்தின் கடைசி வரவு செலவை எழுதிவிடுகிறேன். பேர்ஸ் 9ஐ ஈகிள்ஸிடம் கொடுத்து 10க்கு ஒரு படி இறங்கி, ஒரு நாலாம் சுற்றையும் வாங்கிக்கொண்டு, வலது டாக்கிள் டார்னெல் ரைட்டை எடுத்தது. ஈகிள்ஸ் அந்த 9இல் ஜேலன் கார்ட்டரை எடுத்தது. அந்த ஒரு படி இறங்கியதை நினைத்து சிகாகோவில் இன்னும் சிலருக்குத் தூக்கம் வராது. 61ஐ வைத்து ஜாக்சன்வில்லிடம் 56க்கு ஏறி கார்னர் டைரீக் ஸ்டீவன்சன். 2024இல் வில்லியம்ஸ்.

கரோலினா பக்கம் பலர் கவனிக்காதது: அவர்கள் கொடுத்த 61 மெக்காஃப்ரியை விற்று வந்த பிக். தங்களுடைய சொந்த இரண்டாம் சுற்றான 39ஐக் கையிலேயே வைத்துக்கொண்டு, அதற்குப் பதில் 2025 இரண்டாம் சுற்றைக் கொடுத்தார்கள். அந்த 39இல், மூர் போன ஓட்டையை அடைக்க, ஜொனாதன் மிங்கோ என்ற ரிசீவரை எடுத்தார்கள். 2024 நவம்பரில் அவரை டல்லாஸுக்கு அனுப்பியாச்சு. கொடுத்த 2025 இரண்டாம் சுற்று எந்த எண்ணில் வந்து நின்றது தெரியுமா? அதுவும் 39. பேர்ஸ் அதில் எடுத்ததும் ஒரு ரிசீவரைத்தான், லூதர் பர்டன்.